உடையாத கத்தி

வரக்காப்பொலவைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களில் கத்திக்கு என்றும் தேவையுண்டு. ஆனால் காணியை விட்டு வந்து புதிதாகப் பட்டறை போடுவோர், வளைந்த பால்வெட்டுக் கத்தியில் தொடங்க வேண்டாம். பட்டையில் ஒரு மில்லிமீற்றரை மிச்சம் வைத்துச் சீவ வேண்டிய கருவி அது. முதலில் சமையற் கத்தி போதும்.

லொறியின் பழைய ஸ்பிரிங் தகடு நல்ல உருக்கு. சிரட்டைக்கரி உலையில் காய்ச்சி அடித்து, அரத்தால் உருவம் கொடுங்கள். (சப்பிரகமுவ மண்ணுக்கு உலை புதிதல்ல. பழங்காலத்தில் சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றே துருத்தியாக இருந்ததை, கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் 1996 இல் எடுத்துக்காட்டினார்.) பின்பு மீண்டும் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத பதம் வந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். எண்ணெய் தீப்பிடிக்கலாம், தகர மூடி பக்கத்தில் இருக்கட்டும். ஆறியபின் அரம் வழுக்கினால் உருக்கு இறுகிவிட்டது.

பலர் இத்தோடு சாணை பிடித்து விற்றுவிடுகிறார்கள். அங்கேதான் பிழை. இறுகிய உருக்கு கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலும் உடையலாம். வந்தேறிய ஊரில் ஒரு கத்தி உடைந்தால், அடுத்த கத்தியை யார் வாங்குவார்? ஆகவே அலகைப் பளபளப்பாகத் தேய்த்து, முதுகுப்புறத்தை மெல்லச் சூடாக்குங்கள். வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம் படர்ந்ததும் சூட்டை நிறுத்துங்கள். நீலம் ஏறிவிட்டால் கூர் நிற்காது; மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டும்.

பிடிக்கு இறப்பர்க் கட்டை மலிவுதான், ஆனால் பதப்படுத்தாவிட்டால் உளுத்துப்போகும். பலாவோ புளியோ போடுங்கள்.