கூடைப்பந்தும் ஒரு கல்வியே

துறையூரில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், கூடைப்பந்தில் தேர்ந்த மாணவி ஒருத்தியை அழைத்து, "பந்தை விட்டுப் புத்தகத்தைப் பிடி அம்மா" என்று அறிவுரை கூறினேன். அவளும் கீழ்ப்படிந்தாள். நான் கூறியது நல்லுரையன்று என்பதைச் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையின் வாழ்க்கை பின்னர் எனக்கு உணர்த்திற்று.

1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் கூடத்திற்குள் ஆடுவதற்கென வகுத்த ஆட்டம் இது. பத்தடி உயரத்தில் அவர் மாட்டியவை பழக்கூடைகள். பெயரும் அதனால் வந்ததே.

1985இல் பிறந்த அனிதா, பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவியானார். 2001 முதல் 2017 வரை, ஆசிய வாகைப் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடினார். 2017இல் பெங்களூரில் நம் அணி இரண்டாம் பிரிவில் வாகை சூடி, முதற் பிரிவுக்கு உயர்ந்தது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

இவ்வாட்டத்தால் பெருஞ்செல்வம் ஈட்டும் வாய்ப்பு நம் நாட்டில் அரிது. அனிதாவுக்குத் தென்னக இரயில்வேயில் பெற்ற பணியே ஊன்றுகோலாயிற்று. விளையாட்டில் சிறந்தோர்க்கு இரயில்வே முதலிய துறைகள் வேலை அளிக்கின்றன. ஆட்டத்தை நம்பினால் பிழைப்பில்லை என அஞ்சிய நான், இவ்வழியை அன்று எண்ணிப் பார்த்திலேன்.

நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆகவிருப்போரே! ஒரு பிள்ளையிடம் "விட்டுவிடு" என்று கூறுமுன், அவ்வழியில் நடந்தோர் யாரெனக் கேட்டறியுங்கள். நான் கேட்கத் தவறினேன்.