‘ஏமாத்திட்டான்’ என்றால் போதுமா? சட்டம் எதை மோசடி என்கிறது?

நண்பர் ஒருவருக்கு கைமாத்தாக 50,000 ரூபாய் கொடுக்கிறீங்க. “ரெண்டு மாசத்துல தந்துடுறேன்” என்றவர், ஒரு வருஷமா போனே எடுக்கலை. காவல் நிலையத்துக்குப் போனால், “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்கிறார்கள். காசு வாங்கிட்டு ஏமாத்துறது குற்றம் இல்லையா?

குற்றமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காசு வாங்கிய அந்த நேரத்தில் அவர் மனசுல என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

முதலில் நம்பரைப் பார்த்துவிடலாம். நாம் கிண்டலுக்குச் சொல்லும் ‘420’, 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இப்போது மோசடிக்கு 318-வது பிரிவு. பழைய 420-க்கு இணையானது 318(4): அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம். (ஆனாலும் “அவன் ஒரு 318” என்று யாரும் இன்னும் திட்ட ஆரம்பிக்கலை!)

வரையறை பெரிதாக மாறவில்லை. ஒருவரைப் பொய்யை நம்ப வைக்க வேண்டும். அந்த நம்பிக்கையால் அவர் பணத்தையோ பொருளையோ கொடுத்திருக்க வேண்டும். பொய்யை வாயால் சொல்லணும்னுகூட இல்லை. ஏற்கெனவே ஒருவருக்கு விற்றுவிட்ட நிலத்தை, அதை மறைத்து இன்னொருவருக்கு விற்றாலும் ஏமாற்றுவதுதான்.

சட்டத்திலேயே இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. ஒருவர் அவுரிச் செடி தருவதாகச் சொல்லி அட்வான்ஸ் வாங்குகிறார். தரும் எண்ணமே இல்லாமல் வாங்கியிருந்தால் அது மோசடி. தரும் எண்ணத்தோடு வாங்கி, பிறகு சொன்னபடி தராமல் விட்டால் அது வெறும் ஒப்பந்த மீறல். சிவில் வழக்குதான் போட முடியும். சாயத்துக்காக அவுரி பயிரிட்ட காலத்து உதாரணம் இது. புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது.

சரி, ஒருவர் மனசுக்குள் இருந்ததை எப்படி நிரூபிப்பது? ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிற்பாடு அவர் நடந்துகொண்ட விதத்தை வைத்து ஆரம்ப எண்ணத்தைக் கணிக்கலாம். ஆனால் அது மட்டுமே அளவுகோல் ஆகாது. சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதற்காகவே, முதலிலிருந்தே கெட்ட எண்ணம் இருந்ததாக முடிவுகட்ட முடியாது.

நம்ம நண்பர் கதைக்கு வருவோம். தொழில் தொடங்கக் கடன் வாங்கி, ரெண்டு தவணை கட்டி, தொழில் படுத்ததும் போனை ஆஃப் செய்துவிட்டார் என்றால் மோசடி வழக்கு நிற்பது கஷ்டம். “அப்பா ஐசியுல இருக்கார்” என்று வாங்கியிருக்கிறார், அப்பாவோ அன்று வீட்டில் நல்லாத்தான் இருந்தார், அதே கதையை அதே வாரம் இன்னும் நாலு பேரிடமும் சொல்லியிருக்கிறார் என்றால், விஷயமே வேற. போலி ஆஃபர் லெட்டர் காட்டி ‘ப்ராசஸிங் ஃபீஸ்’ வாங்குவதும் இந்த ரகம்தான். வேறொருவராக நடித்து ஏமாற்றினால் தனியாக 319-வது பிரிவு இருக்கிறது, 5 ஆண்டு வரை சிறை. ஆன்லைனில் பணம் போயிருந்தால் யோசிக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.

கடனை வசூலிக்க போலீஸைப் பயன்படுத்துவதை நீதிமன்றங்கள் பலமுறை கண்டித்திருக்கின்றன. அது நியாயம்தான். ஆனால், நிஜமான மோசடிப் புகாரும் ‘சிவில் மேட்டர்’ என்ற ஒரே வார்த்தையில் திரும்பி வருவதுண்டு. அதனால் புகாரில் “பணத்தைத் தரலை” என்று மட்டும் எழுதாதீங்க. என்ன பொய் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், அதை நம்பித்தான் பணம் போட்டேன் என்பதை எழுதுங்க. பணம் அனுப்புவதற்கு முந்தைய சாட்தான் இங்கே முக்கியம். அதை டெலீட் செய்துவிடாதீங்க. புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீதும் கேட்டு வாங்குங்க.

இன்னொன்று, கைமாத்துக் கடனை சிவில் கோர்ட்டில் கேட்க பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம். போலீஸ் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது.