நம் நிறத்துக்கு ஏற்ற வெளிச்சம்

காலனிக் கல்யாணங்களில் கேமரா பிடிப்பதை நம் இளைஞர்கள் பலர் தொழிலாக்கிக்கொண்டார்கள். ஆனால் ஆல்பத்தைப் புரட்டினால் பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் நம் நிறம் இல்லை, கணினியில் வெளுத்துவிடுகிறார்கள். குறை நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில். ஃபிளாஷை நேரே அடித்தால் வியர்வை மினுங்கும், முகம் தட்டையாகும். மண்டபமென்றால் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்ப விடலாம்; திறந்த பந்தலில் வெள்ளைக் குடையைப் பக்கவாட்டில் நிறுத்தலாம். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகும். குரூப் போட்டோவில் பின்வரிசை இருண்டுபோவது அதனால்தான். கருவி வாங்கப் பணமில்லையா? அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் உண்டு; மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். நம் பேரப்பிள்ளைகள் நம்மை நம் நிறத்திலேயே பார்க்கட்டும்.