முத்துச் சல்லடையும் கணிப்பொறியும்



தூத்துக்குடி என்றதும் துறைமுகமும் உப்பளமும் முத்தும் நம் நினைவுக்கு வருகின்றன. கணிதம் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், கடலினின்று எடுத்த முத்துக்கு விலை கூறியது கணிதமே. 1961-ஆம் ஆண்டுக்குப் பின் இக்கரையில் பழைய முறைப் பெருஞ் சலாபம் நடைபெறவில்லை. அது விட்டுச் சென்ற கணக்கு மட்டும் இன்றும் நமக்குப் பாடமாக நிற்கிறது.

மன்னார் வளைகுடாவின் வணிகர்கள் முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் அடுத்தடுத்துச் சலித்தனர். அவற்றுக்குப் ‘பெட்டி’ என்று பெயர். முதற் பெட்டிக்கு 20 துளைகள்; அடுத்தவற்றுக்கு 30, 50, 80, 100 எனப் பெருகி, கடைசிப் பெட்டிக்கு 1000 துளைகள். துளைகள் பெருகப் பெருக அவற்றின் அளவு சிறுக்கும். இவ்வாறு பருமன் வாரியாகப் பிரித்த பின்னரே நிறுத்தனர்.

எடைக்கு அலகு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. விலை எடையைப் பின்பற்றவில்லை; எடையின் வர்க்கத்தைப் பின்பற்றியது. ஒரு குவியலின் மொத்த எடையை வர்க்கமாக்கி, அதில் முக்காற் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தனர். கிடைத்த ஈவே மதிப்பலகு. பிரெஞ்சு வணிகர் தவெர்னியே 1676-இல் வெளியிட்ட பயண நூலில் வைரத்துக்கும் எடைவர்க்க விதியையே கூறுகிறார். இரு மடங்கு பெரிய மணி இரு மடங்கினும் மிக அரியது அன்றோ?

அங்ஙனமாயின், சலிப்பானேன்? மொத்தமாக நிறுத்துவிடலாகாதா? ஒரு மஞ்சாடி முத்து ஒன்றும், மூன்று மஞ்சாடி முத்து ஒன்றும் உள்ளன என்று கொள்வோம். தனித்தனியே கணக்கிட்டால் முக்காலும் ஆறே முக்காலும் சேர்ந்து ஏழரை அலகு. ஒன்றாக நிறுத்தால் எடை நான்கு; வர்க்கம் 16; அதில் முக்கால் 12; இரண்டால் வகுக்க ஆறு. விற்பவனுக்கு ஒன்றரை அலகு நட்டம்! ஏற்றத்தாழ்வுள்ள முத்துகளைக் கலந்தால் மதிப்புக் குறையும். கண்ணுக்குத் தெரியாத இந்நட்டத்தைத் தடுத்த கருவி சல்லடை.

இதனை இன்று கணிப்பொறியில் காணலாம். தமிழ்நாட்டுப் புதிய கணிதப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் இடம்பெறுகிறது. அதில் மொத்த எடையை நான்கு என நிறுத்தி, ஒரு முத்தின் எடையை நழுவி மூலம் மாற்றிப் பாருங்கள். தனித்தனி மதிப்புகளின் கூடுதல் பரவளையமாகத் திரையில் எழும். அதன் அடிப்புள்ளி, இரு முத்துகளும் சமமாக உள்ள இடத்தில் அமையும். அங்கு மட்டுமே கலந்த மதிப்பும் தனித்த மதிப்பும் ஒன்றாகும்.

ஆனால், கணிப்பொறி காட்டியதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஏன் அவ்வாறு என்பதற்கு விடை தாளில்தான் பிறக்கும். எடைகளை அ, ஆ எனக் கொண்டு இரு மதிப்புகளின் வேறுபாட்டைச் சுருக்கினால், அ, ஆ இவற்றின் வித்தியாசத்தின் வர்க்கத்தில் எட்டில் மூன்று பங்கு எஞ்சும். வர்க்கம் ஒருபோதும் குறை எண் ஆகாது. எனவே கலப்பதனால் இலாபம் ஒருநாளும் இல்லை. ஓர் உதாரணத்தில் கண்டது இப்போது எல்லா முத்துகளுக்கும் உண்மையாகிவிட்டது.

கருவி கண்ணைத் திறக்கும். காரணத்தைக் காண்பது கருத்தின் வேலை. பொத்தானை அழுத்தி விடை பெறும் மாணவன், விதியை அறியாமல் முத்தைக் கலந்து விற்பவனுக்கு ஒப்பாவான். தான் இழந்தது என்ன என்பதே அவனுக்குத் தெரியாது. ஆகவே கணிப்பொறியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது தரும் ஒவ்வொரு விடைக்கும் ‘ஏன்?’ என்று ஒரு முறை கேளுங்கள்.