தலைக்கு மேலே துடிக்கும் விளக்கு: கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் மாதிரி ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவரா நீங்கள்? தலைக்கு மேலே எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கலாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒளி இரண்டு முறை ஏறி இறங்கும். (நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி.யில் இது ரொம்பக் குறைவு.)

அப்போ ஏன் தெரியல?

வெறும் வெளிச்சப் பரப்பு என்றால், விநாடிக்கு சுமார் 50-60 துடிப்பு வரைதான் கண் பிடிக்கும். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த வரம்பு மாறும். 1966-ல் கேம்பிரிட்ஜின் ஜான் ராப்சன் மங்கலான கோடுகளைத் துடிக்கவிட்டுச் சோதித்தார். மெதுவாகத் துடித்தபோது நடுத்தர நெருக்கமுள்ள கோடுகள் எளிதில் தெரிந்தன. அகலப் பட்டைகள் அவ்வளவாகத் தெரியவில்லை. வேகம் கூடியதும் கதை மாறியது: நுணுக்கமான கோடுகள் முதலில் மறைந்தன, அகலப் பட்டைகள் தாக்குப்பிடித்தன. வேகம், நுணுக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணால் பிடிக்க முடியாது.

தெரியலைன்னா பாதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். 1989-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சோக் மாட்டிய, 100 முறை துடிக்கும் டியூப்லைட்டுக்குப் பதில் மின்னணு சோக் வைத்த விளக்கின் கீழ் வேலை செய்த ஊழியர்களுக்குத் தலைவலியும் கண் அயர்ச்சியும் சராசரியாகப் பாதிக்கும் மேல் குறைந்தன.

உங்கள் விளக்கைச் சோதிக்க ஒரு பென்சில் போதும். அதன் கீழே வேகமாக ஆட்டுங்கள். பென்சில் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. ஒரே மங்கல் விசிறியாகத் தெரிந்தால் பரவாயில்லை.