கடல் கடப்போர் உடுப்பு

திருமயம் தாலுகாவிலிருந்து நமது நேயர் ஒருவர் நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கிறார். தமது பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று அவரே கேட்டுக் கொண்டிருப்பதால், அவற்றை விடுத்து விஷயத்தை மட்டும் கூறுகிறோம். அவருக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி. மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையின் பொருட்டுச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டான். ஜீன்ஸ் கால்சட்டை அணிந்து புறப்பட்டான். ஊரார் மாலையிட்டு வழியனுப்பினர். அவன் காலில் என்ன இருந்தது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. இப்பொழுது செவிலியர் படிப்பில் தேறிய மகள் அதே சிங்கப்பூருக்குப் போகிறாள். பிரயாணத்துக்குத் தானும் ஜீன்ஸே அணியப் போவதாக அவள் சொல்லவே, தெருவில் பெரும் பேச்சு எழுந்து விட்டது. பிரயாணச் செலவில் ஒரு பகுதியைத் தருவதாக வாக்களித்திருந்த தாய்மாமன், “புடவை கட்டிக் கொண்டு விமானம் ஏறினால்தான் பணம்” என்று கையை மடக்கிக் கொண்டாராம். “மகள் சொல்வது நியாயமா, மைத்துனர் சொல்வது நியாயமா? தாங்கள் வக்கீலாகவும் இருப்பதால் கேட்கிறேன்” என்று நேயர் முடித்திருக்கிறார்.

ஒரு வீட்டுச் சச்சரவுக்குத் தலையங்கப் பக்கத்தில் இடமேது என்று சில அன்பர்கள் கேட்கக் கூடும். அவர்கள் ஒரு நாள் மாலை திருச்சி விமான நிலையம் வரை போய் வரட்டும். அது புதுக்கோட்டைச் சாலையின் மேலேயே அமைந்திருக்கிறது. 2024 ஜனவரியில் திறக்கப் பெற்ற புதிய கட்டடத்தின் வாசலில் அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர், பொன்னமராவதி ஜனங்கள் கண்ணீரும் கைப்பையுமாக நிற்கக் காண்பார்கள். நமது ஜில்லாவின் பெரும் பகுதி வானம் பார்த்த பூமி. ஏரியும் கண்மாயும் ஏமாற்றிய ஆண்டுகளில் குடும்பங்களைத் தாங்கி நின்றது கடலுக்கப்பாலிருந்து வந்த பணமேயாகும். எனவே, புறப்படுகிறவர் என்ன உடுத்திப் புறப்படுவது என்பது ஒரு வீட்டின் கேள்வியன்று.

முன்னாளில் இந்தக் கேள்வி எழவே இல்லை. 1926-இல் கட்டப் பெற்ற ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக் கொண்டு, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை ஓடிற்று. மேல்தளத்தில் படுத்துப் போன நம்மவர்கள் ஊரில் கட்டிய வேஷ்டியையும் துண்டையுமே அங்கேயும் கட்டினார்கள். ராயவரம், குழிபிறை, கோனாபட்டு, மேலைச்சிவபுரி முதலிய ஊர்களின் நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், ரங்கூன் மொகல் தெருவிலும் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டுத் தரையில் அமர்ந்து வியாபாரம் செய்தார்கள். வெள்ளை வேஷ்டியே அவர்களுடைய உத்தியோக உடை. கோட்டும் தொப்பியும் அணிந்த வெள்ளைக்கார பாங்கிகள் அந்த வேஷ்டிக்காரர்களுக்குக் கடன் கொடுப்பதில் தயக்கம் காட்டவில்லை. 1930-களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த நிலமும் வட்டியும் பர்மியக் குடியானவனுக்கு விளைவித்த துயரம் வேறு கதை. அதை நாம் பெருமையாக எடுத்துச் சொல்லவில்லை. உடையினால் நாணயத்திற்குக் குறைவு வரவில்லை என்பதற்கு மட்டுமே இதனைக் குறிப்பிட்டோம்.

உடையினால் மதிப்பு வந்ததா என்பதற்கும் நமது ஊரிலேயே சாட்சியம் இருக்கிறது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானைப் போல் மேல்நாட்டு உடுப்பில் தேர்ந்தவர் அக்காலத்து சுதேச மன்னர்களில் அதிகம் பேர் இரார். லண்டன் தையற்காரனும் குறை சொல்ல முடியாத உடை. பழக்க வழக்கங்களும் அப்படியே. 1915-இல் அவர் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். அதன் பின் என்ன நேர்ந்தது? அம்மாதை ராணியாக அங்கீகரிக்கப் பிரிட்டிஷ் சர்க்கார் மறுத்தது. 1916-இல் பிறந்த மைந்தனுக்கு வாரிசுரிமை இல்லையென்றது. மன்னர் தமது சீமையை விட்டே விலகி வாழ நேர்ந்து, 1928-இல் பாரிஸ் நகரில் காலமானார். உடுப்பு எவ்வளவு நேர்த்தியாயிருந்தும், தோலின் நிறத்தைக் கண்ட கண்கள் அதற்கு மேல் வேறொன்றையும் காணவில்லை.

காந்தியடிகளும் இந்தப் பாடத்தைச் சுலபமாகக் கற்றுக் கொண்டாரில்லை. 1888-இல் பாரிஸ்டர் படிப்புக்குக் கப்பலேறிய அவர், கரையிறங்குவதற்கென்றே ஒரு வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாராம். செப்டம்பர் முடியும் குளிர் காலத்தில் இங்கிலாந்தில் இறங்கியபோது, வெள்ளை உடுப்பு அணிந்தவர் தாம் ஒருவரே என்று கண்டு கூசிப் போனதைச் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நமக்கும் இவ்வகையில் ஓர் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் லண்டனுக்குச் செல்ல நேர்ந்தபோது, கீழ ராஜ வீதியில் தைத்த கம்பளி ஸூட்டை அணிந்து, கழுத்துப் பட்டையும் இறுக்கிக் கொண்டு விமானத்தில் அமர்ந்தோம். பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த அவஸ்தையை எழுத்தில் வடிக்க இயலாது. லண்டனில் இறங்கி வரிசையில் நின்றால், நமக்கு முன்னே நின்றவர் அரைக் கால்சட்டையும் ரப்பர்ச் செருப்புமாக இருந்தார். உத்தியோகஸ்தர் அவரிடம் கேட்ட கேள்விகளையே நம்மிடமும் கேட்டார். நமது ஸூட்டை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

அடிகளின் வாழ்க்கையில் ஒரு தமிழனைப் பற்றிய சம்பவம் உண்டு. உடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் அதனை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1894-இல் நேட்டாலில் அவர் வக்கீல் தொழில் தொடங்கிய புதிதில் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலி அவரிடம் வந்தான். எஜமான் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, கந்தலாடையுடன் வந்தவன், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான். வெள்ளையர் முன் செல்லும் கூலி தலைத்துணியை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். தம்மவரான வக்கீலிடமும் அப்படியே வர வேண்டுமென்று அவன் எண்ணி விட்டான். அடிகள் வழக்கைக் கேட்குமுன் துணியைத் தலையில் கட்டிக் கொள்ளச் சொன்னார். அவன் தயங்கித் தயங்கிக் கட்டிக் கொண்டான், முகம் மலர்ந்தது. அதற்கு முந்தின ஆண்டில்தான் டர்பன் நீதிமன்றத்தில் தமது தலைப்பாகையை எடுக்கச் சொன்ன மாஜிஸ்திரேட்டுக்கு இணங்காமல் அடிகள் வெளியேறியிருந்தார். 1921 செப்டம்பரில் மதுரை மேல மாசி வீதியில் அரையாடை பூண்டதும், 1931 நவம்பரில் அதே அரையாடையுடன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்ததும் யாவரும் அறிந்தவை. ஆனால் அவற்றிற்கெல்லாம் வேர், பாலசுந்தரத்தின் கையிலிருந்த அந்தத் தலைத்துணி என்றே நாம் கருதுகிறோம்.

இனி ஜீன்ஸ் என்ற அந்த வஸ்திரத்துக்கு வருவோம். அது அன்னியத் துணி, உல்லாசிகளின் துணி என்று மாமன்மார் கருதுகிறார்கள். அது பிறந்த கதையை அவர்கள் கேட்டால் சற்றுத் திகைப்பார்கள். அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், உழைப்பாளிகளின் கால்சட்டை பைமூலைகளில் கிழிந்து போவதைக் கண்டு, அங்கே செப்பு ஆணிகளை அடித்துப் பார்த்தார். துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே மாதம் 20-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கம் வெட்டுகிறவனுக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும் தைத்த உடை அது. நமது ஊரில் கைலிக்கு என்ன அந்தஸ்தோ, அங்கே அதற்கு அந்த அந்தஸ்து.

அதன் நிறமோ, நமது நிறம். டெனிம் துணியில் பாவு நீலம், ஊடை வெள்ளை. அந்த நீலம் அவுரி நீலம். பல நூற்றாண்டுகளாக உலகத்துக்கு இந்தியா அனுப்பி வந்த சாயம் அது. 1897-இல் ஜெர்மானிய ரசாயனக் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்த பின் அவுரி சரிந்தது. சரிந்த விலையின் நஷ்டத்தைத் தோட்டத்துரைமார் குடியானவர் தலையில் கட்டப் போய், 1917-இல் சம்பாரண் சத்தியாக்கிரகத்தில் வந்து முடிந்தது. இன்று டெனிம் ஆமதாபாத் ஆலைகளில் நெய்யப்படுகிறது. கதர் நூலிலும் நெய்யப்படுகிறது. ஆகவே அன்னியம் என்ற ஆட்சேபம் நிற்காது. மாமன் அணிந்திருக்கும் பாலியெஸ்டர் சட்டை அதைவிட எவ்வகையில் சுதேசி என்று அவரே சொல்லட்டும்.

உண்மையில் ஆட்சேபம் துணியைப் பற்றியதன்று. துணியைப் பற்றியதானால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகன் புறப்பட்டபோதே அது எழுந்திருக்கும். நமது நேயர் பெரிய கடிதத்தில் ஒரே வரியில் இதைத் தொட்டு விட்டு மேலே சென்று விட்டார். நமக்கு அந்த ஒரு வரிதான் வழக்கு. குடும்பத்தின் கௌரவத்தை மகளின் முந்தானையில் முடிந்து வைத்து, மகனைக் கைவீசி நடக்க விடும் பழக்கம் நமது சமூகத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது எழுந்த கூச்சலும் இவ்வகைப்பட்டதே. அக்கூச்சலைப் பொருட்படுத்தாது அனுமதி கொடுத்தவர், மேலே சொன்ன மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான். அவருடைய உடுப்பால் அவருக்குப் பயன் ஏதும் விளையவில்லை. அவர் திறந்து விட்ட கதவு இத்தேசத்துக்குப் பயன் விளைத்தது. அம்மையார் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1925-இல் இங்கிலாந்துக்கும் கடல் கடந்தார். சட்டசபையின் துணைத் தலைவராயிருந்தார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் புடவையே உடுத்தினார் என்று மாமன் உடனே எடுத்துக் காட்டுவார். உடுத்தினார், மெய்தான். ஒருவரும் பணத்தைக் காட்டி உடுத்தச் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் நேயர் கேட்கிறார். 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேஷ்டி கட்டி வந்த காரணத்தால் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டார். நாடே கொதித்தது. அவ்வாண்டே சட்டசபை கூடி, பொது இடங்களில் வேஷ்டிக்காரரைத் தடுப்பது குற்றமென்று சட்டம் இயற்றிற்று. நாமும் அன்று மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டே மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி, ஆலயங்களுக்கு வருவோர் இன்னின்ன உடைதான் அணிய வேண்டுமென்று உத்தரவிட்டார். ஜீன்ஸ் வெளியே நிறுத்தப்பட்டது, பாமரனின் கைலியும் கூடவே நிறுத்தப்பட்டது. பிறகு டிவிஷன் பெஞ்ச் அவ்வுத்தரவைத் தடுத்து வைத்தது. வேஷ்டி கட்டியவனைக் கிளப் வாசலில் தடுத்தால் அவமானம் என்கிற நாம், கால்சட்டை அணிந்த பெண்ணை வீட்டு வாசலில் தடுப்பதற்கு என்ன பெயர் சூட்டப் போகிறோம்? ஒருவன் உடையை இன்னொருவன் தீர்மானிக்கிறான் என்பதே முதல் வழக்கிலும் குறை. இவ்வழக்கிலும் அதுவே குறை.

மகளுக்கும் நாம் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. புடவையில் இறங்கினால் சிங்கப்பூரில் ஏளனமாகப் பார்ப்பார்கள் என்ற அச்சத்தினால் ஜீன்ஸ் அணிவதாயிருந்தால், அந்த அச்சம் உடையோடு கழலுவதில்லை. நாளைக்குப் பேச்சிலும், மறுநாள் பெயரிலும் வந்து நிற்கும். சிங்கப்பூரில் தமிழ் அரசாங்க மொழிகளில் ஒன்று. புடவை அங்கே புதுமையன்று. வசதிக்காக அணிவதாயிருந்தால் தாராளமாக அணியட்டும். ஒரு விஷயம் மட்டும்: இறுகிய ஜீன்ஸில் நெடுநேரம் மடங்கி உட்காருவது இரத்த ஓட்டத்துக்கு நல்லதன்று. சற்றுத் தளர்வானதாய்ப் பார்த்து எடுத்துக் கொள்ளட்டும். இடுப்பு வார் இரும்புப் பூட்டுள்ளதாயிருந்தால் சோதனைச் சாவடியில் கழற்ற வேண்டி வரும். விமானத்தில் குளிரும், ஒரு போர்வை கையோடிருக்கட்டும்.

தகப்பனாருக்கு நாம் கூறுவது வேறு. கடிதத்தில் உடையைப் பற்றி நாலு பக்கம் எழுதியவர், ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை எழுதவில்லை. நமக்கு அதுவே கவலை. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக் கூடிய கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாயே. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேட்க வேண்டும். ரசீது தர மறுத்தால் விலக வேண்டும். அந்த ஏஜெண்டின் பதிவு எண்ணை வெளிவிவகார இலாகாவின் பட்டியலில் பார்த்தாரா? சிங்கப்பூர்ச் செவிலியர் வாரியத்தில் மகளின் பதிவு ஏற்கப்பட்டதா? வேலை அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கும் சம்பளமும் ஏஜெண்டு வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றுதானா? விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் தெருவார் கூடி ஆராய வேண்டியவை இவையே.

மாமனின் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாக்குக் கொடுத்தபோது இல்லாத நிபந்தனையைப் பின்னர் சேர்ப்பது நமது தொழிலில் செல்லாது. அவர் கொடுத்தால் பெற்றுக் கொண்டு நன்றி சொல்லட்டும். கொடுக்காவிட்டால் அதை மனத்தில் வைக்காமல் கூட்டுறவு பாங்கியில் நகையை வைத்துக் கொள்ளட்டும், ஆறு மாதச் சம்பளத்தில் மீட்டு விடலாம். எப்படியாயினும் புறப்படும் நாளில் மாமனையும் வண்டியில் ஏற்றிக் கொண்டு திருச்சிக்கு அழைத்துச் செல்வது நல்லது. மருமகள் பெட்டியைத் தள்ளிக் கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திரும்பிப் பார்க்கும் பொழுது, அவர் எதைப் பார்க்கிறார் என்பதை நேயர் நமக்கு இன்னொரு கடிதத்தில் எழுதட்டும்.