'மனிதத் தவறு' என்றதும் விசாரணை முடிந்துவிடுமா?

2021 மே 24ஆம் தேதி இரவு, கம்போங் பாருவுக்கும் கே.எல்.சி.சி.க்கும் இடையிலான சுரங்கப்பாதையில் இரண்டு எல்.ஆர்.டி. ரயில்கள் நேருக்கு நேர் மோதின. பிரிக்பீல்ட்ஸ் வட்டார மக்கள் கே.எல். சென்ட்ரலில் ஏறி இறங்கும் அதே கெலானா ஜெயா வழித்தடம்தான் அது. ஒரு ரயிலில் 213 பயணிகள் இருந்தனர். மற்றொன்றில் பயணிகள் இல்லை. கோளாறு காரணமாக ஓர் ஓட்டுநர் அதைத் தம் கையால் இயக்கிக்கொண்டிருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் படுகாயமடைந்தனர்.

ஓட்டுநர் ரயிலைத் தவறான திசையில் செலுத்தியதே காரணம் என்று விசாரணைக்குப் பின் அறிவிக்கப்பட்டது. பலருக்கு விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால், 'மனிதக் காரணிகள் உளவியல்' என்ற துறைக்கு அதுதான் தொடக்கம். தாம் எந்தத் திசையில் போகிறோம் என்பது ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியும்படி ஏற்பாடு இருந்ததா? உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் வழக்கம் இருந்ததா? தானாக ஓடும் ரயிலை எப்போதாவது ஒருமுறை கையால் ஓட்டுபவருக்குப் போதிய பயிற்சி உண்டா? ஒருவர் தவறினால் தடுத்து நிறுத்த இரண்டாவது தடுப்பு எது? இவைதான் அத்துறை கேட்கும் கேள்விகள்.

ஆளை மாற்றினால் போதுமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 போர் விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகும் வயிறு தரையில் உரசச் சரிந்தன. விமானிகள் இறக்கை மடிப்புகளை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். 'விமானி தவறு' என்றே பதிவானது. உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் விமானி அறையைப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கர விசையின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். கையால் தொட்டாலே எது எது என்று தெரிந்தது. விமானிகளை மாற்றாமலேயே அந்தத் தவறு நின்றது.

வங்கி ஏ.டி.எம். பலவற்றில் அட்டையை எடுத்த பிறகே பணம் வருவதும் இதே சிந்தனைதான். பணம் கைக்கு வந்ததும் வந்த வேலை முடிந்தது என்று மனம் நினைத்துவிடும், அட்டை மறந்துபோகும். வரிசையை மாற்றியதால் மறதிக்கு இடமில்லை.

தோட்டத்து அனுபவம்

தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்த குடும்பங்களுக்கு 'பேராகுவாட்' என்ற பெயர் பழக்கமானது. சிறிதளவு உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு அது, முறிமருந்து இல்லை. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கப்பட்ட மருந்தைப் பானமென்று நினைத்துக் குடித்தவர்கள் பல நாடுகளில் உண்டு. 'கவனமில்லாமல் குடித்துவிட்டார்' என்று சொல்லிவிடலாம். ஆனால் தயாரிப்பாளர்கள் அதில் நீல நிறம், துர்நாற்றம், வாந்தி வரவைக்கும் பொருள் ஆகியவற்றைச் சேர்த்தனர். கண்ணும் மூக்கும் முதலிலேயே எச்சரிக்கட்டும் என்பதே நோக்கம். ஆபத்தையே அகற்றுவது அதைவிட மேல். மலேசியா 2020 ஜனவரி 1 முதல் பேராகுவாட்டைத் தடை செய்தது.

பாதுகாப்பில் இதுவே முறையான வரிசை: முதலில் ஆபத்தை நீக்குவது, முடியாவிட்டால் தடுப்பு அமைப்பது, அதன் பிறகே எச்சரிக்கைப் பலகையும் கையுறையும். பல வேலையிடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

செலவில்லாத வழியும் உண்டு

ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சமிக்ஞையை விரலால் சுட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்வார்கள். பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றும். அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994இல் நடத்திய சோதனையில், இப்படிச் செய்தபோது தவறுகள் ஏறக்குறைய 85 விழுக்காடு குறைந்தன. கண், கை, வாய், காது நான்கும் ஒரே வேலையில் ஈடுபடுவதால், பழக்கதோஷத்தில் கை தானாக நகர்வது குறைகிறது.

கிள்ளான் கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். போர்க்லிப்ட் போகும் பாதையும் ஆள் நடக்கும் பாதையும் தடுப்பால் பிரிந்திருக்கின்றனவா? ஒரே மாதிரி இரண்டு பொத்தான்கள் அருகருகே உள்ளனவா? பன்னிரண்டு மணிநேர ஷிப்டின் கடைசியில்தான் அதிகக் கவனம் கேட்கும் வேலை வருகிறதா? நூலிழையில் தப்பிய சம்பவத்தைச் சொன்னவருக்கு நன்றி கிடைக்கிறதா, திட்டு கிடைக்கிறதா? திட்டு கிடைக்கும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை அது விபத்தாகவே தெரியவரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயந்திரங்களும் வேலை முறைகளும் பாதுகாப்பாக இருப்பதை இயன்றவரை உறுதிசெய்யும் கடமையை முதலாளிமீது சுமத்துகிறது. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம், சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் அதை விரிவாக்கியது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். பாதுகாப்பு பற்றிப் புகார் செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதும் குற்றம்.

தொழிலாளிக்கும் கவனமாக இருக்கும் கடமை உண்டு. ஆனால் மனிதர் களைப்பார், மறப்பார், அவசரப்படுவார். இதை அறிந்து அமைக்கப்பட்ட இடத்தில் சிறு தவறு சிறு தவறாகவே முடியும். அடுத்த முறை ஒரு விபத்துக்கு 'மனிதத் தவறு' என்று காரணம் சொல்லப்பட்டால், அந்தத் தவறு நடக்க வழிவிட்டது எது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.